உட்கார்ந்தால் வரும் சீட்டி

கூகைமலை மடத்தில் ஒரு வழக்கம். விடியற்காலையில் ஒருவர் அடிவாரக் கோயிலின் தீபத்தைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஓட வேண்டும். வெயில் உச்சிப் பாறையைத் தொடுவதற்குள் தீபம் அங்கே இருந்தாக வேண்டும். யார் வைத்த சட்டமோ, அந்த மகராசன் ஒரு நாளும் ஓடியிருக்க மாட்டான்.

இப்போது ஓடுகிறவர் தவசி. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். குரு மங்களத்தம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மார்கழி பிறந்ததும் தவசிக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

"தாயே, மேலே ஏதோ இருக்கு. ஓடும்போது ஒண்ணுமில்லை. தீபத்தை வச்சிட்டு உட்கார்ந்தா, கொஞ்ச நேரத்துல வந்து சீட்டியடிக்குது. அப்புறம் நெஞ்சு மேல ஏறி உட்காருது."

"யாருன்னு நினைக்கிறீங்க?"

தவசி குரலைத் தாழ்த்தினார். "பொன்னையா."

போன வருஷம் தீபம் தூக்கியவர் பொன்னையா. ஒரு மார்கழிக் காலையில் அதே பாறையில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். பக்கத்தில் தீபம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"ஓடப் பயமா இருக்கு தாயே. ஓடலைன்னா மடத்தை விட்டுப் போகணும். எனக்குப் போக்கிடம் இல்லை."

மறுநாள் குரு முன்னாலேயே உச்சிக்குப் போய்க் காத்திருந்தார். தவசி ஓடி வந்தார். தீபத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எங்கும் பனி. ஓர் இலை அசையவில்லை.

சற்று நேரத்தில் சீட்டி மெல்லக் கிளம்பியது. குருவுக்கும் கேட்டது.

"வந்துட்டான், தாயே..."

"காதை ரெண்டு கையாலயும் இறுகப் பொத்துங்க, தவசியண்ணே."

பொத்தினார். சீட்டி நிற்கவில்லை. இன்னும் கிட்டத்தில் கேட்டது. தவசி ஒரு கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். சீட்டி அங்கேதான் இருந்தது.

குரு அவரை முன்னால் சாய்த்து உட்கார வைத்து, தன் சால்வையைப் போர்த்தினார். மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பனியில ஓடினா இழுப்பு வர்ற உடம்பு உங்களுக்கு. இன்னைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மருந்து இருக்கு. இனிமே தீபம் நடந்து வரட்டும்."

"வெயில் முந்திக்கிட்டா?"

"முந்திக்கட்டும்."

தவசி சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பொன்னையாவுக்கும் இதுதானா? அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

குரு தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னார். திரும்பிப் பார்க்காம ஓடுங்கன்னு சொன்னேன்."