துண்டுக்குள்ள பேசின அப்பன்

ஒரு ஊர்ல ஒரு அப்பன். இருந்தான்னு சொல்லலாமுன்னு பாத்தா, அவன் எங்க ஒரு இடத்துல இருந்தான்? நின்னா நடப்பான், நடந்தா ஓடுவான், உக்காந்தா காலாவது ஆடிக்கிட்டே இருக்கும். இப்ப உன் கால் ஆடுதே, அதே மாதிரி. நிறுத்து முதல்ல. ம் கொட்டு. ம் கொட்டலேன்னா கதை நகராது. உங்கத்தை எதையும் ஓசியில குடுக்கறவ இல்லை.

ம். அப்படித்தான்.

அவன் பேரு செங்கோடன். மாட்டுச் சந்தையில தரகன். அவன் குரல் இருக்கே, சந்தைக்குக் கிழக்கால நின்னு கூப்பிட்டான்னா மேக்கால கட்டியிருக்கற காளை காதைத் தூக்கும். "பல்லைப் பாருங்க, திமிலைப் பாருங்க, நடையைப் பாருங்க"ன்னு வாய் ஊரையே கூட்டும். ஆனா விலைன்னு வந்துட்டா வாய் மூடிக்கும். மாட்டுத் தரகுல விலையை வாயால சொல்ல மாட்டாங்க கண்ணு, பக்கத்துல நிக்கறவனுக்குக் கேட்டுருமில்ல? தோள்ல கிடக்கற துண்டை எடுத்துக் கை மேல போடுவாங்க. ரெண்டு பேர் கையும் துண்டுக்குள்ள போயிரும். விரலைப் பிடிச்சா ஒரு கணக்கு, மடக்கினா ஒரு கணக்கு, உள்ளங்கையில சொரண்டினா இன்னொரு கணக்கு. வெளிய பாத்தா ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. உள்ள பெரிய சண்டையே நடக்கும்.

இல்லை, என் கையை விடு, நாளைக்குக் காட்டித் தர்றேன். இப்பக் கேளு.

அப்போ அந்த வருசம் சித்திரை பொறந்ததும் மாட்டுக்கெல்லாம் கோமாரி வந்துருச்சு. வாயில நுரை, குளம்புல புண்ணு. மழை விழுகிற வரைக்கும் சந்தையைப் பூட்டுங்கன்னு அதிகாரிங்க சொல்லிட்டாங்க. செங்கோடனுக்கு வேலை போச்சு. வீட்ல சம்பாரிக்கறது அவன் பொண்டாட்டி வசந்தாமணி ஒருத்திதான். நூல் மில்லுல வேலை. அவளை அப்பத்தான் ராத்திரி ஷிப்டுக்கு மாத்தி விட்டிருந்தாங்க. பொழுது சாய்ஞ்சா மில்லு பஸ் ஏறிப் போவா, விடிஞ்சா திரும்பி வருவா. வந்து ரெண்டு வாய் சோறு உண்டுட்டுக் கயித்துக் கட்டில்ல விழுவா. வீடோ ஒரே ரூம்பு. வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின லைன் வீடு. இந்த வீட்ல தும்முனா அந்த வீட்ல கேக்கும்.

அப்புறம் இன்னொண்ணு மறந்துட்டேன். ரெண்டு பொண்ணுங்க. பெரியவ மேகலா, சின்னவ பொம்மி. பள்ளிக்கூடம் லீவு. சமையல், தலை பின்றது, குளிக்க வைக்கறது, சண்டையைப் பிரிக்கறது எல்லாம் இப்ப அப்பன் தலையில.

ம்?

அப்போ ஒரு நாள் காலையில வசந்தாமணி வந்து சோத்தைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. "என்ன புள்ளை?"ன்னான் செங்கோடன். "மெஷின்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேனுங் மாமா. சூப்பர்வைசர் பாத்துட்டான். இனிமேல் தூங்கி விழுந்தா வேலைக்கே வர வேண்டாம்னுட்டான்"ன்னா. வேலை கூடப் போகட்டும். அந்த மெஷினு முந்தானையைப் பிடிச்சு இழுத்துச்சுன்னா என்ன ஆகறது? இவ பகல்ல நல்லாத் தூங்கியாகோணும், அது என் பொறுப்புன்னு செங்கோடன் முடிவு பண்ணிட்டான்.

வாசல்ல ஒரு வேப்பமரம். பொண்ணுங்களை அங்க கொண்டு போய் உக்கார வெச்சான். வெயிலு கொளுத்துது. ஒருத்திக்குத் தண்ணி வேணும், ஒருத்திக்கு ஒண்ணுக்கு வருது. இவ அவ ஜடையை இழுக்கறா, அவ இவ காலை மிதிக்கறா. எறும்பு கடிக்குது, வேர்க்குது, போரடிக்குது. செங்கோடனுக்குக் கோபம் ஜிவ்வுனு ஏறிச்சு. "சத்தம் போடாதீங்கடி, அம்மா தூங்கறா"ன்னு ஒரு கத்து. வேப்பமரத்துக் காக்கா சடசடன்னு பறந்து போச்சு.

மேகலா சொன்னா, "அப்பா, நீங்கதானுங் கத்துறீங்க."

அவனுக்கு வெக்கமாப் போச்சு. ஓடிப் போய்க் கதவிடுக்குல எட்டிப் பாத்தான். வசந்தாமணி அப்படியே அடிச்சுப் போட்டாப்புல கிடந்தா. நல்ல வேளைன்னு வந்து தோள் துண்டை எடுத்தான். பொண்ணுங்க கை மேல போட்டான். "இனிமேல் பேச்செல்லாம் இதுக்குள்ளதான். சுண்டு விரலைப் பிடிச்சாத் தண்ணி. கட்டை விரலைப் பிடிச்சா ஒண்ணுக்கு. உள்ளங்கையை அமுக்கினாப் பொறுத்துக்கோன்னு அர்த்தம்."

"அடிக்கறதுக்கு எந்த விரலுங்பா?"ன்னா பொம்மி.

"அதுக்கு விரலே கிடையாது."

அப்புறம் வீடு கப்சிப். ஆனா அந்த அமைதியில கட்டில் "கிரீச்"சுன்னுச்சு. வசந்தாமணி புரண்டு படுத்தா. செங்கோடன் காதைத் தீட்டினான். எங்கியோ இன்னும் சத்தம் இருக்குது, அதான் புரள்றா.

அப்போத்தான் தெருமுனையில "பாம் பாம், பாம் பாம்." ஐஸ் வண்டிக்காரன். செங்கோடன் ஒரே தாவு. வண்டியை மறிச்சு, துண்டை அவன் கை மேல போட்டு, விரலைப் பிடிச்சான். ஐஸ்காரன் பயந்துட்டான். "என்னங்ணா, ஜோசியம் பாக்கறீங்களா?"

"மெதுவாப் பேசு. உள்ள ஆள் தூங்குது. இந்த லைன்ல ஹாரன் அடிக்காதே."

"அடிக்கலேன்னா யாருங்ணா வருவா? ஐஸ் உருகி ஓடிருமுங்."

"என் பொண்ணுங்க வீடு வீடாப் போய்ச் சாடை காட்டிக் கூட்டிட்டு வருவாங்க. உன் ஹாரனுக்கு வர்றதை விட அதிகம் வரும். சம்மதமா?"

அப்போ மேகலாவும் பொம்மியும் பூனையாட்டம் போய் ஒவ்வொரு வாசலா நின்னு நாக்கை நீட்டி நக்கிக் காட்டினாங்க. லைனே திரண்டு வந்துருச்சு. ஹாரன் ஒழிஞ்சுது.

உள்ள கட்டில், "கிரீச், கிரீச்."

ம் சொல்லு. தூங்கிட்டியா? தூங்கலையா? சரி.

மறுநாள் பழைய இரும்புக்காரன். குட்டி யானை லோடு வண்டி மேல மைக்கைக் கட்டிக்கிட்டு, "பழைய இரும்பு, ஓட்டை டப்பா, உடைஞ்ச சேரு, ரிப்பேரான பேனு"ன்னு தெருவையே உலுக்கிக்கிட்டு வந்தான். மைக்குல பேசறது அவன் கூட இல்லை, பதிஞ்சு வெச்ச குரலு. அதுக்கு மூச்சே வாங்காது. செங்கோடன் போய்த் துண்டைப் போட்டான்.

"யோவ், கையை எடு. எங்கிட்ட எதுக்கு மாட்டுப் பேரம்?"ன்னான் இரும்புக்காரன்.

கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்துச்சு செங்கோடனுக்கு. ஆனா தரகனில்ல? எதிராளிக்கு என்ன வேணும்னு முதல்ல பாப்பான். பாத்தான். அந்த ஆளோட சட்டை முதுகுல ஒட்டிக் கிடக்கு, உதடு வெடிச்சுப் போயிருக்கு. "மைக்கை அணைச்சீன்னா அந்த வேப்பமர நிழலும் மண்பானைத் தண்ணியும் உனக்கு. வெயில் தாழ எழுப்பி விடறேன்"ன்னான். இரும்புக்காரன் மைக்கை அணைச்சான், ஒரு செம்புத் தண்ணியைக் கடகடன்னு குடிச்சான், மரத்தடியில சாய்ஞ்சான். சாய்ஞ்சு, "கொர்ர்ர். கொர்ர்ர்."

அட, இது மைக்குக்கு மேல இருக்கே. அப்பனும் பொண்ணுங்களும் சேந்து அவனைக் கட்டை மாதிரி உருட்டி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. கொறட்டையும் நின்னுச்சு.

உள்ள கட்டில், "கிரீச், கிரீச், கிரீச்."

அப்புறம் விடிஞ்சு வசந்தாமணி வந்தா. கண்ணு ரெண்டும் கோவைப்பழம். "இன்னைக்கும் சொக்கிருச்சுங் மாமா. பக்கத்து மெஷின்காரி கிள்ளி விட்டதுனால தப்பிச்சேன்"ன்னா. சோறு கூட உண்ணாமப் படுத்துட்டா.

செங்கோடன் வெறி பிடிச்சவனாட்டம் ஆயிட்டான். தண்ணிக் குடத்துக்கு அடியில சாக்கைப் போட்டான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். பொண்ணுங்க கொலுசைக் கழட்டி வெச்சான். தான் போட்டிருந்த செருப்பையும் வெளிய விட்டுட்டு நுனிக்கால்ல நடந்தான். கோழியைக் கூடப் பக்கத்து லைனுக்கு முடுக்கி விட்டான். பொண்ணுங்க ரெண்டும் வாயைத் திறக்காம உக்காந்து உக்காந்து மூஞ்சி வாடிப் போச்சு. பொம்மிக்குச் சிரிப்பு வந்தாக்கூடத் துண்டுக்குள்ள தலையை விட்டுத்தான் சிரிக்கோணும்.

அப்போ வந்தான் பாரு மூணாவது ஆளு. மாட்டு வியாபாரி ஆண்டமுத்து. புல்லட்டுல "டுபு டுபு டுபு"ன்னு. செங்கோடன் கையைக் காட்டி வண்டியைத் தெருமுனையிலயே அணைக்க வெச்சான். துண்டு விழுந்துச்சு. ரெண்டு கையும் உள்ள போச்சு.

ஆண்டமுத்து குசுகுசுன்னு சொன்னான், "ஒரு தோட்டத்துல சோடிக் காளை இருக்குது. நோவு நொடி கிடையாது. சந்தை பூட்டினா என்ன, நேராப் போய் முடிச்சுரலாம். இப்பவே ஏறு."

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் துறுதுறுன்னுச்சு. எத்தனை நாளா ஒரு காளையைத் தொட்டுப் பாக்கலை. கால் தானா வண்டிப் பக்கம் போச்சு. திரும்பிப் பாத்தான். மரத்தடியில ரெண்டு பொண்ணுங்களும் அவனையே பாத்துக்கிட்டு நிக்குது. இவன் போயிட்டா இதுக ரெண்டும் அம்மாவைத்தான் எழுப்பும். "இன்னைக்கு முடியாது"ன்னு விரல்ல சொன்னான்.

ஆண்டமுத்து துண்டுக்குள்ள பிடிச்ச விரலை விடாம, வாயைத் திறந்து சத்தமாச் சொன்னான். "பொட்டப்புள்ளைகளுக்கு ஜடை பின்னிக்கிட்டு உக்காந்திருக்கறவனைத் தரகன்னு கூப்பிட வந்தேன் பாரு, என்னைச் சொல்லோணும்."

செங்கோடனுக்குக் கழுத்து நரம்பு பொடைச்சுது. நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு கத்து கிளம்புது. அது வெளிய வந்துச்சுன்னா ஏழு ஊருக்குக் கேக்கும். வாயைத் திறந்துட்டான். அப்போ துண்டுக்குள்ள மூணாவதா ஒரு கை நுழைஞ்சுது. ஓடி வந்த பொம்மியோட பிஞ்சுக் கை. அவன் உள்ளங்கையைத் தேடிப் பிடிச்சு ஒரு அமுக்கு.

பொறுத்துக்கோ.

செங்கோடன் வாயை மூடினான். கத்து முழுசும் தொண்டைக்குள்ள இறங்கிக் கைக்குப் போச்சு. இன்னொரு பக்கம் மாட்டியிருந்த ஆண்டமுத்து விரலை ஒரு நெறி நெறிச்சான். ஆண்டமுத்து மூஞ்சி கோணிச்சு. அவனும் தரகு படிச்சவன்தானே, துண்டுக்குள்ள வலிச்சா வெளிய காட்டக் கூடாது. கையை உருவிக்கிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிட்டான்.

அப்புறம் தெருவுல ஒண்ணுமில்லை. காக்கா இல்லை, கோழி இல்லை, ஹாரன் இல்லை, இலை அசையற சத்தம் கூட இல்லை. செங்கோடன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னான். ஜெயிச்சுட்டோம்னு மேகலாவோட சுண்டு விரலைத் தெரியாமப் பிடிச்சுட்டான், அவ போய்த் தண்ணி கொண்டாந்துட்டா.

அப்போ கதவு படார். தலைமுடி விரிச்சுப் போட்டபடி, முந்தானை மண்ணுல புரள, வசந்தாமணி ஓடி வந்தா. "புள்ளைங்க எங்க? என்ன ஆச்சு? புள்ளைங்க எங்க மாமா?"

"இங்கதான் இருக்குதுங்க புள்ளை. என்னத்தைக் கேட்டு எந்திரிச்சே? யார் சத்தம் போட்டா, சொல்லு, அவனை நான்..."

"யாருமே போடலையே" அப்படின்னு அவ தரையில உக்காந்துட்டா. ரெண்டு பொண்ணுங்களையும் இழுத்து மடியில போட்டுக்கிட்டா. "மில்லுல விடிய விடிய மெஷின் ஙொய்ய்யினு கத்திக்கிட்டே இருக்குமுங். கத்துற வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். நின்னாத்தான் பயம். நூல் அத்துப்போச்சா, யாராவது கையைக் குடுத்துட்டாங்களான்னு அத்தனை பேரும் ஓடுவோம். இங்கே நீங்க ஒண்ணொண்ணா நிறுத்த நிறுத்த எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. கண்ணை மூடினா எந்திரி எந்திரின்னு உடம்பு சொல்லுது. அங்க போனா அந்தச் சத்தத்துல சொக்கிருது."

"இதை முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"எனக்கே இன்னைக்குத்தானே புரிஞ்சுது."

செங்கோடன் துண்டை உதறித் தோள்ல போட்டான். அப்புறம் கேட்டான், "அப்ப நான் கத்தலாமா?"

"கத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"ன்னுட்டு அவ போய்ப் படுத்தா.

அவ்வளவுதான். செங்கோடன் வேப்பமரத்தடியில காலை அகட்டி நின்னான். இத்தனை நாள் விழுங்கினதை எல்லாம் சேத்து எடுத்தான் பாரு குரலை. "பல்லைப் பாருங்க சாமி, திமிலைப் பாருங்க, நடையைப் பாருங்க." மேகலா காளை, பொம்மி கன்னுக்குட்டி. தடதடன்னு ஓடறாங்க, திரும்பப் போட்ட கொலுசு ஜல்ஜல்லுங்குது. "இது முரட்டுக் காளைங்க, ஜடையை இழுக்கும்." "அப்பா, அவதானுங் முதல்ல இழுத்தா." கோழி திரும்பி வந்து கொக்கொக்குங்குது. ஐஸ்காரன் வந்து, "அண்ணா, அடிக்கலாமுங்களா?"ன்னான். "அட, நல்லா அடி." பாம் பாம், பாம் பாம். இரும்புக்காரன் மைக்கு ஓட்டை டப்பா, உடைஞ்ச சேருன்னு லைனைச் சுத்திச் சுத்தி வருது. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் இவனுக்கு வெயில் மண்டைக்கு ஏறிருச்சுன்னு எட்டிப் பாக்கறாங்க.

நடுவுல மேகலா போய்க் கதவிடுக்குல பாத்தா. அம்மா மல்லாந்து, வாயைத் திறந்துக்கிட்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளிய தொங்க, ஆழமாத் தூங்கறா. கட்டில் ஒரு கிரீச்சுக் கூட இல்லை. மேகலா ஓடி வந்து சொன்னா, "அப்பா, நிறுத்திராதீங்."

பொழுது சாயற வரைக்கும் அவன் நிறுத்தலை. அன்னைக்கு ராத்திரி மில்லுல வசந்தாமணி கண்ணு கொட்டக் கொட்ட முழிச்சு நின்னா.

ம்?

ம் வரலை. சரி. காளை கட்டுத்தரைக்குப் போயிருச்சு, கன்னு மடி தேடிப் போயிருச்சு, கதையும் கூடவே போயிருச்சு. நீ தூங்கு சாமி.