மஞ்சத்தலையன் பூசிய மண்

ஒரு காட்டில், ஓடைப் பக்கமாகச் சாய்ந்து நின்ற ஈச்சமரம் முழுக்கத் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. ஓலைக்கு ஓலை ஒரு கூடு தொங்கியது.

குழந்தைகளே, அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி கூடு கட்டும், பெண் குருவி வந்து வீடு பார்க்கும். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கூட்டைப் பிடித்துத் தொங்கி நன்றாக உலுக்கும். கூடு தாங்கினால் கல்யாணம். மழைக்காலம் முடிவதற்குள் எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூட்டைக் கட்டியவன் அந்த வருஷம் தனிக்கட்டைதான்.

அந்த மரத்தில் மஞ்சத்தலையன் என்று ஓர் ஆண் குருவி இருந்தான். அவன் கூட்டைப் போல அழகான கூடு அந்தக் கரையிலேயே கிடையாது. கட்டி முடித்த நாளிலிருந்து ஐயா செய்த ஒரே வேலை, அதன்மேல் உட்கார்ந்து பீற்றிக்கொண்டதுதான்.

ஒருநாள் பலமாகக் காற்றடித்தது. கூட்டை ஓலையோடு சேர்த்துக் கட்டியிருந்த கழுத்தில் ஒரு நார் அறுந்தது. பக்கத்து ஓலைக்காரன் குட்டைவாலன் அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, கழுத்துல ஒரு நார் விட்டுப்போச்சு. பச்சைப் புல்லு கொஞ்சம் கிழிச்சு வந்து முடிஞ்சா போதும். நானும் கூட வரேன்."

"ஒரு நாருக்கா இந்தக் கூப்பாடு? நாளைக்குப் பாத்துக்கலாம். முதல்ல உன் கோணல் கூட்டை நிமித்துடா தம்பி!"

குட்டைவாலன் கூடு கோணல்தான், பொய்யில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் அவன் அதைச் சுற்றி வருவான். எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே அப்போதே ஒரு முடிச்சுப் போட்டுவிடுவான்.

சில நாளில் செவ்வந்தி என்ற பெண் குருவி வீடு பார்க்க வந்தாள். மஞ்சத்தலையன் கூட்டுக்குள் போய் வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு ரொம்ப லட்சணமா இருக்குங்க. கழுத்துல அந்த ஒரு நாரை மட்டும் முடிஞ்சு வைங்க, நாளைக்கே குடிவந்துடறேன்."

மஞ்சத்தலையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இவ்வளவு பெரிய வீட்டுல உனக்கு அந்த நார்தான் கண்ணுல பட்டுதா? இதுக்குப் பொண்ணுங்க வரிசையில நிப்பாங்க. இப்படியே எடுத்துக்கறதுன்னா எடுத்துக்க, இல்லேன்னா நடையைக் கட்டு!"

அவள் நேரே குட்டைவாலன் கூட்டுக்குப் போனாள். தொங்கி உலுக்கிப் பார்த்தாள். கூடு ஆடியது, ஒரு நார்கூட அசையவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள்.

"கோணல் கூட்டுக்கு ஏத்த கோணல் புத்தி!" என்று மஞ்சத்தலையன் முணுமுணுத்தான். உள்ளுக்குள் மட்டும் எரிந்தது.

அறுந்த நாரின் பாரம் பக்கத்து நார்களின் மேல் விழுந்தது. மழையில் அவையும் ஒவ்வொன்றாக விட்டன. கழுத்துக்குக் கீழே ஓர் ஓட்டையும் விழுந்தது. வீடு பார்க்க வந்த பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, உட்காராமலே போனார்கள்.

மழைக்காலம் முடியப் போகிறது என்றதும்தான் மஞ்சத்தலையன் கூட்டைச் சுற்றிவந்து பார்த்தான். இப்போது ஒரு முடிச்சு போதாது. கழுத்தையே பிரித்துப் புதிதாகப் பின்ன வேண்டும். அந்தச் சோம்பேறிக்கு உடம்பு வளையுமா? ஓடையிலிருந்து ஈரமண்ணைக் கொத்திவந்து, கழுத்திலும் ஓட்டையிலும் அப்பு அப்பென்று அப்பினான். அதன்மேல் ஆவாரம்பூ இதழை ஒட்டினான்.

"நாரும் தெரியல, ஓட்டையும் தெரியல! வெயில்ல புல்லு கிழிக்க நான் என்ன குட்டைவாலனா?" என்று தன்னையே மெச்சிக்கொண்டான். மண்ணுக்குக் கனம் உண்டு என்பது அந்த மண்டைக்கு எட்டவே இல்லை.

மறுநாள் கனகு என்ற பெண் குருவி வந்தாள்.

"அட, புது வீடு மாதிரி இருக்கே!"

"மாதிரி என்ன, புதுசுதான்!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

கனகு உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து தொங்கினாள். மஞ்சத்தலையன் அவளிடம் பறந்து ஓடினான்.

"மெதுவா, மெதுவா! இந்தக் காலத்துல யாரும்மா உலுக்கிப் பாக்கறா?"

"நான் பாப்பேன்" என்று ஓர் உலுக்கு உலுக்கினாள்.

மண்ணின் பாரம் தாங்காமல் கழுத்து படக்கென்று அறுந்தது. கூடு கரையில் தொப்பென்று விழுந்தது. மண் உதிர்ந்து ஓட்டை பல்லை இளித்தது. மரமே கைகொட்டிச் சிரித்தது.

"குஞ்சு பொரிச்ச அப்புறம் விழாம இப்பவே விழுந்துச்சே, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கனகு பறந்துபோனாள்.

அந்த வழியாக வந்த வயல் எலி ஒன்று கூட்டை முகர்ந்து பார்த்தது. "இது உங்களுதுங்களா? குட்டிகளுக்குப் படுக்கை போட எடுத்துக்கட்டுமா?"

அப்போதும் மஞ்சத்தலையனுக்கு வாய் அடங்கவில்லை. "இந்தக் கரையிலேயே அழகான வீடு இது. சும்மா தூக்கிக் குடுத்துடுவாங்களா? பதிலுக்கு என்ன தருவே?"

எலி அவனை மேலும் கீழும் பார்த்தது.

"பதிலுக்கா? மண்ணை உதறி, மக்கினதைக் கழிச்சு, நல்ல நாரைப் பொறுக்கறதுக்குள்ள எனக்குப் பொழுது சாஞ்சிடும். இந்தக் குப்பையை அள்ளறதுக்கு நீங்கதான் எனக்கு ஏதாவது தரணும்!"

நீதி: சிறு பழுதை நாளைக்கு என்று தள்ளுகிறவன் தன் வீட்டின் மதிப்பைத் தானே குறைக்கிறான்; அதைப் பூசி மறைத்தால் வீடே போய்விடும்.