ஈரத்துணி பட்ட ஏழாம் பாட்டு

மூன்று பேர் மூன்று விதமாக அடித்துச் சொன்ன வழக்கு இது. நாலாவது வாய் உங்களுடையது. அதனால் கவனமாகக் கேளுங்கள்.

நைல் ஆற்றங்கரையில் ஒரு கோயில். அங்கே பழைய துதிப்பாட்டுகள் எழுதிய ஒரே ஒரு பாப்பிரஸ் சுருள். நாணல் தண்டைச் சீவி ஒட்டிய தாள், புகைக்கரி மை, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு காவிப் புள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை, புதுவெள்ளம் வரும் நாளில் மட்டும், கோயில் பாடகி அதை விரித்துப் பிடித்து ஏழு பாட்டும் பாடுவாள். ஏழாம் பாட்டைத் தொடங்கியதும் ஊரே கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டும். அது வழக்கம். பாடகியின் வாய் அசைவது தெரியும். சொல் ஒன்றும் காதில் விழாது.

இருபது ஆண்டுகளாகப் பாடி வந்தவள் ஹெனுத். "என் குரலைக் கேட்டுத்தான் ஆறு படியேறுது" என்று தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்வாள். இந்த ஆண்டு பூசாரி, மூக்காலேயே பேசுகிறவர், "தாமித் பாடட்டுமே. நீ கொஞ்சம் உட்காரும்மா" என்று சொல்லிவிட்டார். தாமித், பின்பாட்டுக் கூட்டத்துக்கு வந்து மூன்றே ஆண்டான இளையவள்.

ஹெனுத் பல் தெரியச் சிரித்தாள். "அதுக்கென்ன சாமி, நல்லாப் பாடுற பொண்ணு. பூச்சி அரிக்காம சுருளுக்கு எண்ணெய் தடவி நானே எடுத்து வைக்கிறேன்."

தடவினாள். தடவிய கையோடு, ஈரத்துணியை எடுத்து ஏழாம் பாட்டைத் துடைத்தும் விட்டாள்.

விழாவில் தாமித் ஆறு பாட்டையும் முடித்துச் சுருளை மேலும் விரித்தாள். வெற்றுத்தாள். அவள் நின்றாள். எப்போது ஆட்டுவதென்று தெரியாமல் கிலுகிலுப்பைகளும் நின்றன.

"இங்க எழுத்து இல்லை. என் சொல்லிலேயே பாடுறேன், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். அதன் முடிவு இப்படி:

ஆறே, கதவைத் தட்டாதே;
எங்கள் சுவரெல்லாம் உனக்குக் கதவுதான்.

வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த ஊர் அது. அழுதார்கள். ஒரு மீன்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "இருபது வருஷமா நாம எதுக்குடி இதைப் போட்டு ஆட்டிக்கிட்டிருந்தோம்?" என்றாள். அது ஹெனுத்தின் காதில் சரியாகப் போய் விழுந்தது.

மறுநாள் காலை கோயிலில் நாலு பேர்: பூசாரி, இரண்டு பாடகிகள், எழுத்தர் பாசெர். தாமித்தின் பாட்டை அந்த வெற்றிடத்தில் எழுதச் சொன்னார் பூசாரி. ஹெனுத்தால் தாங்க முடியவில்லை.

"துடைச்சது நான்தான்" என்றாள். "கோயிலை விட்டு அனுப்புங்க, போறேன். ஆனா அவ பாட்டு அதுல ஏறக்கூடாது. பழைய பாட்டு என் வாயில இருக்கு. எழுதிக்கோ பாசெர்."

பாடினாள். ஆறு வரி. கடைசி இரண்டு வரி வந்தபோது தாமித்தின் முகமே சுருங்கிப்போனது:

நீ தொட்ட மண்ணில்தான் எங்கள் பேரை எழுதினோம்;
அழிக்க வந்தவளே, வாசித்துவிட்டு அழி.

பாசெர் தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். மை போயிருந்தது. காவி மட்டும் நாருக்குள் இறங்கி நின்றிருந்தது.

"அம்மா, புள்ளி நாலுதான் இருக்கு. ரெண்டு வரி கூடுதே?"

"என் குரு சொல்லிக்கொடுத்ததை அப்படியே பாடினேன்."

"புள்ளி பொய் சொல்லுமா?"

"நீ எழுதுறியா, இல்லையா?"

தாமித் குறுக்கே வந்தாள். "அக்கா சொல்றது பாதி பொய். நான் பாடினது முழுசும் என்னுதுன்னு ஊரறியச் சொல்லித்தான் பாடினேன். என்னுதை எழுதுங்க."

பூசாரி மூக்கை உறிஞ்சினார். "ரெண்டும் வேணாம். வெறும் தாளாவே இருக்கட்டும்."

பாசெர் எழுதுகோலை மையில் தோய்த்துவிட்டான். ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். மூவரில் யார் சொல்வது சரி? அவன் எதை எழுத வேண்டும்?

விடை: மூவர் சொல்வதும் முழுச்சரி இல்லை. தாளை வெறுமையாக விட்டால், ஹெனுத் செத்த அன்று பழைய பாட்டும் செத்துவிடும். தாமித்தின் பாட்டு நல்ல பாட்டு, ஆனால் அந்த இடத்துப் பாட்டு அல்ல. ஹெனுத் பாடியதில் முதல் நான்கு வரியை மட்டும் அங்கே எழுத வேண்டும். கடைசி இரண்டும் அவள் கட்டியவை. அழித்தவளைத் தவிர அந்த வரி வேறு யாருக்கு வரும்? தாமித்தின் பாட்டைச் சுருளின் பின்பக்கம், அவள் பேரோடு எழுதலாம். ஹெனுத்தின் இரண்டு வரிக்கும் அங்கேயே இடம் உண்டு, "இது நான் கட்டியது" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால். துடைத்ததை ஒப்புக்கொண்டவளுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் சொன்னால், அவள் பேர் தாமித்தின் பேருக்குக் கீழே வரும். அதனால் இன்னும் வாயைத் திறக்கவில்லை.