இன்னொருவர் அறிவித்த நட்சத்திரம்

செங்கோட்டையில் பெனினா டீச்சரிடம் வானம் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களில் அவளைவிட மூத்தவர் தங்கப்பழம் மட்டும்தான். மாவு மில்லை மகனிடம் கொடுத்துவிட்டு, ஐம்பது தாண்டிய பிறகு டெலஸ்கோப் வாங்கியவர். அவர் மகளுக்கும் டீச்சருக்கும் ஒரே வயது.

அன்று சாயங்காலம் அந்த டெலஸ்கோப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினார். துணி சுற்றி, கயிறு கட்டி, பிணத்தைக் கொண்டுவருவது மாதிரி.

“யாராவது பிள்ளைங்களுக்குக் குடுத்திடுங்க டீச்சர். எனக்கு இனி வேண்டாம்.”

“மாடிக்குத் தூக்கிட்டு வாங்க அண்ணாச்சி. கீழ வைக்க இடமில்ல.”

தூக்கிக்கொண்டு போனார். கோபத்தில் இருக்கும் ஆணிடம் எதையாவது சுமக்கக் கொடுத்தால் பாதிக் கோபம் படியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி மாடியில் வெடித்தது.

“உங்க சட்டம்தான் என்னைக் கெடுத்துச்சு!”

சட்டம் இதுதான். தூரத்து கேலக்ஸி ஒன்றின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழையதில் இல்லாத புள்ளி புதியதில் இருந்தால், அது வெடித்த நட்சத்திரமாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். மறுநாளும் படம் எடுத்து, புள்ளி அங்கேயே இருந்தால்தான் வாயைத் திறக்கலாம்.

சட்டம் வந்ததே தங்கப்பழத்தால்தான். போன வருஷம் ஒரு புள்ளியைப் பார்த்த கையோடு தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். மறுநாள் புள்ளி நகர்ந்துவிட்டது. சூரியனைச் சுற்றிக்கொண்டு தன் வழியே போன ஏதோ ஒரு கல்.

இந்த முறை முந்தாநாள் புள்ளியைப் பார்த்தார். வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நேற்று சாரல் மேகம் மூடிக்கொண்டது. இன்று காலை இணையத்தில் பார்த்தால், அரிசோனாவில் யாரோ ஒருவர் அதே புள்ளியை உலகத்துக்கு அறிவித்திருந்தார்.

“நான்தான முந்திப் பாத்தேன்?”

“பாத்தீங்க.”

“பேரு அவனுக்கு.”

“அவருக்குத்தான்.”

“அந்த நட்சத்திரத்துக்கு உன் பேருதான்னு வீட்டம்மாட்ட வேற சொல்லிட்டேன்.”

“வெடிச்சதுக்கா அவங்க பேரு? நல்ல வேளை, அதுக்கெல்லாம் வெறும் எண்ணும் எழுத்தும்தான். தப்பிச்சீங்க.”

அவர் சிரிக்கவில்லை.

டீச்சர் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள். முடிச்சு வரவில்லை. இழுத்தாள். டெலஸ்கோப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“ஐயோ, விடுங்க டீச்சர்! கண்ணாடில கைய வச்சிடுவீங்க.”

அவரே அவிழ்த்தார். அவிழ்த்தவர் சும்மா இருக்க மாட்டாமல் ஸ்டாண்டில் ஏற்றினார். கேமராவை மாட்டினார். மலைக் கணவாய்ப் பக்கம் மேகம் விலகி, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எங்கே திருப்ப வேண்டும் என்று டீச்சர் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

லேப்டாப்பில் படம் விழுந்தது. புள்ளி அங்கேயே இருந்தது.

“முந்தாநாளைவிடப் பளிச்சுனு இருக்கே!”

“வெளிச்சம் ஏறிட்டிருக்கு. இன்னும் எவ்வளவு ஏறும்னு யாருக்கும் தெரியாது. ஏறுறப்போ விடாம அளந்தாத்தான் அந்த கேலக்ஸி எவ்வளவு தூரம்னு கணக்குப் போடலாம். விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.”

தங்கப்பழம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ரோஷம் இன்னும் மிச்சம் இருந்தது.

“பேரு வாங்கினவன் அளக்கட்டுமே. நான் எதுக்கு டீச்சர்?”

“அவர் ஊர்ல இப்போ விடிஞ்சிடுச்சு அண்ணாச்சி. இங்கதான் இருட்டியிருக்கு.”