பந்திக்குப் போனவர்கள்

ஈரத் தீப்பெட்டி என்ற பாட்டுக் குழுவில் நான்கு பேர். பாட்டு எழுதிப் பாடுபவள் சுபாஷிணி. வயது இருபத்தாறு. தடித்த தந்திகளில் கீழ்ச்சுரம் அதிரும் பேஸ் கிடார் வாசிப்பவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து மூன்று.

நாச்சிமுத்து முப்பது வருடம் கல்யாணக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டு வாசித்தவர். புதுப் பாட்டுக்கு வாசிப்பதை அவளிடம்தான் கற்றுக்கொண்டார். "குருவே" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். முதல் மாதம் அது கிண்டல். பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

ஒரு நாள் அவளிடம் கேட்டார்.

"ஊரெல்லாம் சின்னப் பசங்க கிடாரோட சுத்தறானுங்க. என்னை எதுக்கு அம்மணி தேடி வந்தே?"

"சொல்றேங்ண்ணா" என்றாள். சொல்லவில்லை.

மேடை ஏறியதும் நாச்சிமுத்து தலைகளை எண்ணுவார். பாட்டின் நடுவில் எழுந்து போகிறவரின் முகத்தை மறக்கமாட்டார். அவர்களுடைய முதல் நிகழ்ச்சிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒரு மஞ்சள் சட்டைக்காரர் பாதியில் போனார். இன்றைக்கும் தெருவில் மஞ்சள் சட்டையைக் கண்டால் நாச்சிமுத்து முறைப்பார்.

அந்தச் சாயங்காலம் வால்பாறையில் நிகழ்ச்சி. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மைதானம். பழைய கச்சேரி முதலாளி போன் செய்து, திரும்ப வாசிக்க வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தார். ஆறு மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"இன்னைக்கு அறுபது தலை இருந்தா உன்கூடவே இருக்கேன் குருவே" என்றார் நாச்சிமுத்து. "இல்லேன்னா பழைய இடத்துக்கே போயிடறேன். காலி நாற்காலிக்கு வாசிக்க இனி என்னால ஆகாது."

"நம்ம நிகழ்ச்சில காலி நாற்காலி எங்கீங்ண்ணா? எல்லாரும் தரையிலதான உக்கார்றாங்க."

"சிரிக்காதே. கோபில ஒரு கல்யாணம். பச்சைத் தூண் மண்டபம். நல்ல பாட்டு, நடுவுல இருக்கேன். பந்தின்னு ஒரு சத்தம். மண்டபமே எந்திரிச்சுப் போயிருச்சு. பொண்ணு மாப்பிள்ளை மட்டும் மிச்சம். அதுவும் போட்டோக்காரர் விடாததால. பதினெட்டு வருசமாச்சு. அந்தக் கூட்டத்துல ஒருத்தரையும் நான் மன்னிக்க மாட்டேன்."

அவள் தலை குனிந்து தன் கிடாரின் தந்தியை முறுக்கினாள்.

முதல் பாட்டில் அவர் எண்ணத் தொடங்கினார். நாற்பத்து நான்கு வரை வந்தார். நாற்பத்து ஐந்தாவது ஆள் பனிக்குள் பாதியாக நின்றார். அதற்குள் மலையிலிருந்து பனி இறங்கிவிட்டது. மைதானம் போனது. மரங்கள் போயின. மேடையின் விளிம்பும் போனது. நான்கு பேரும் ஒரு மேகத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்தது. எங்கோ கை தட்டினார்கள். பத்துப் பேரா, நூறு பேரா, தெரியவில்லை. பனி சத்தத்தையும் மென்றுகொண்டிருந்தது.

நாச்சிமுத்து அவளருகே வந்தார்.

"மணி அஞ்சே முக்கால். எண்ண முடியலியே. யாரு இருக்காங்க, யாரு போயிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

சுபாஷிணி தான் குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீரை எடுத்தாள். மேடைப் பலகையில், அவர் காலடியில் வைத்தாள்.

"தடிச்ச தந்தியை ஒரு தட்டுத் தட்டுங்ண்ணா."

தட்டினார். பலகை அதிர்ந்தது. தண்ணீரில் வட்டங்கள் எழுந்து நடுவில் கூடின.

"ஆறு மணிக்கு நான் பதில் சொல்லணும். நீ வேடிக்கை காட்டறியா?"

"அப்ப எனக்கு எட்டு வயசு" என்றாள். "பாட்டு கேட்டுட்டு இருந்தேன். அம்மா கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. சாப்பிட உக்கார வெச்சாங்க. இலை போட்டாங்க. பக்கத்துல டம்ளர் வெச்சாங்க. நான் ஒரு வாய் சாப்பிடலை. தண்ணியையே பாத்துட்டு இருந்தேன்."

நாச்சிமுத்து தந்தியிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கே?"

"பச்சைத் தூண் மண்டபம்ங்ண்ணா. நீங்க அந்தப் பாட்டை முடிக்கற வரைக்கும் தண்ணி ஆடிட்டே இருந்துச்சு."

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெகுநேரம் அதிர்ந்து ஓய்ந்தது. நாச்சிமுத்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.