கோடித்துணி

குருவுக்கு வயது நாற்பத்தேழு, சீடருக்கு அறுபத்துமூன்று. யாரும் சிரிக்க வேண்டாம், அப்படித்தான் இருந்தது.

குரு காத்தாயி. கடலோரக் குப்பத்தில் கருவாடு காயப்போடுகிறவள். சுனாமியில் புருஷனையும் ஆறு வயது மகளையும் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பேசியதை ஊர் கேட்டுக்கொண்டது.

சீடர் திருஞானம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்தைந்து வருஷம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேள்வி கேட்பதற்கு ஓர் ஆள் தேடி அவளிடம் வந்து சேர்ந்தவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை வாத்தியாரே என்பாள்.

அந்த வருஷம் கடலுக்கு அப்பால், பேர்கூட வாயில் நுழையாத ஒரு தீவைப் பேரலை அடித்தது. அங்கே ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதிய கடிதம் கைமாறிக் கைமாறித் திருஞானத்திடம் வந்தது.

"கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. இரண்டு மாதத்தில் எங்களுக்கு மழை. அதற்குள் இறைத்துக் கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும். இல்லையென்றால் ஊரைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நாங்கள் போகமாட்டோம். பம்பு அனுப்புங்கள். துணி வேண்டாம்."

குப்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குப்பத்துக்காரர்கள் பன்னிரண்டு புது டீசல் பம்பு வாங்கி, குழாயோடு கொண்டுவந்து காத்தாயி வீட்டு முன்னால் மணலில் இறக்கினார்கள். கண்டெய்னர் லாரியை நான் தருகிறேன், கப்பல் செலவும் என்னுடையது என்றார் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாசிலாமணி முதலாளி.

லாரி வந்தது. உள்ளே பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் பழந்துணி மூட்டை. டவுன் முழுக்கத் தண்டோரா போட்டுச் சேர்த்தது. மீதி இடத்தில் மூன்று பம்புதான் ஏறும். சாயங்காலம் லாரி கிளம்பியாக வேண்டும், விடிந்தால் கப்பல்.

திருஞானம் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தார்.

"அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு எப்படித்தான் உதவுறது?"

காத்தாயி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"ஒரு மூட்டையை இறக்கிப் பிரிங்க வாத்தியாரே."

பிரித்தார். ஒற்றைச் செருப்பு. கம்பளிக் குல்லாய். இஸ்திரிப் பெட்டி சுட்ட சேலை. கொக்கி இல்லாத ரவிக்கை. அதற்கடியில் ஒரு வெள்ளைச் சட்டை. காத்தாயி அதை மட்டும் எடுத்து உதறினாள்.

"இது யாருது?"

பையில் சிவப்பு மைக்கறை இருந்தது. திருஞானம் பார்த்தார்.

"என்னுதுதாம்மா."

"போட்டுக்குங்க."

"கக்கத்துல கிழிஞ்சிருக்கும்மா."

"தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?"

அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். கருவாடு காயப்போட்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் கக்கத்தில் சுருட்டிய பேனர். 'கண்ணீர் துடைக்கும் கரங்கள்' என்று எழுத்து, பக்கத்தில் அவர் கும்பிடுகிற படம். லாரியின் இரண்டு பக்கமும் கட்டுவதற்கு.

"என்னம்மா, மூட்டையை ஏன் பிரிச்சீங்க?"

"ஒண்ணைத்தான் பிரிச்சோம். எல்லாத்தையும் இறக்கப்போறோம்."

"ஜனங்க மனசாரக் கொடுத்ததும்மா."

"மனசாரத்தான் ஒத்தைச் செருப்பு கொடுத்தாங்களா? மத்த காலை அலை கொண்டுபோயிருக்கும்னு நினைச்சுட்டாங்களோ?"

"அட, எல்லாம் போய் நிக்கிற ஜனம். கிடைச்சதை வாங்கிக்க வேண்டியதுதானே? தானத்துக்குக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"பல்லு போன மாட்டை ஓட்டிட்டு வந்தவன் சொன்ன பழமொழி அது, முதலாளி."

பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. மாசிலாமணிக்கு முகம் சிவந்தது.

"லாரி என்னுது. என் மூட்டை இறங்கினா லாரியும் திரும்பிடும். பம்பை நீங்க தலையில வச்சுக்கிட்டு நீந்திப் போங்க."

திருஞானம் பதறிப்போனார்.

"அம்மா, மூணு பம்பாவது போகட்டுமே. ஒண்ணுமே போகாததுக்கு மூணு போறது தேவலையில்லையா?"

"மூணு பம்பு மூணு கிணத்துக்கு. மத்த ஜனம் உங்க சட்டையைப் பிழிஞ்சு குடிக்குமா?"

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு முதலாளிக்கு எதிரே வந்து நின்றாள்.

"சாவு வீட்டுக்குப் போனா என்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"கோடித்துணி." துணிக்காரர் இல்லையா, யோசிக்காமல் வாயில் வந்தது.

"புதுசா, பழசா?"

"பழசை எவனாவது கொண்டுபோவானா? மூஞ்சியிலயே விட்டெறிவாங்க."

"அதான்."

 காத்தாயி குழிமேட்டின் பக்கம் கையைக் காட்டினாள்.

"சுனாமிக்கு மறுநாள் இந்த மேட்டுல குழி வெட்டினாங்க. ஒண்ணு மேல ஒண்ணா அள்ளி அள்ளிப் போட்டாங்க. எங்கள்ல யாரு யாருக்குக் கோடி போடுறது? அப்ப ஒரு ஆளு புது மல்லுத்துணிச் சிப்பத்தைத் தோள்ல தூக்கிட்டு வந்தார். கால்ல செருப்பில்ல. அழுதுகிட்டே பல்லால கடிச்சுக் கடிச்சுக் கிழிச்சார். என் பொண்ணு மேல ரெண்டு முழம் விழுந்துச்சு. யாரு எவருன்னு சொல்லல. போட்டார், அவர்பாட்டுக்குப் போயிட்டார்."

மாசிலாமணியின் கக்கத்திலிருந்து பேனர் நழுவியது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"எட்டாம் நாள் முகாமுக்கு வேற ஒரு லாரி வந்துச்சு. மேல நின்னுக்கிட்டு மூட்டை மூட்டையா எறிஞ்சாங்க. ஒரு சின்னப் புள்ளை கவுன் என் மூஞ்சியில வந்து விழுந்துச்சு. ஒரே அழுக்கு. பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும், நீங்களே சொல்லுங்க. ரோட்டுல வீசினேன். எங்க குப்பமே வீசுச்சு. கட்டின துணியோட கிடந்தோமே தவிர அதுல ஒண்ணை எடுத்து உடுத்தல. திமிரு புடிச்ச ஜனம்னு பேசினாங்க. ஆமா, திமிருதான். அந்தத் திமிருலதான் நாங்க எந்திரிச்சு நின்னோம். அந்தத் தீவுக்காரிக்கும் அது இருக்கு. போகமாட்டேன், துணி வேண்டாம்னு எழுதுறா பாருங்க! அவளைப் போயி மூட்டை போட்டு அமுக்குறீங்களே, இது அடுக்குமா?"

காத்தாயி லாரிப் பக்கம் திரும்பினாள்.

"லாரியை வேணும்னா கொண்டுபோங்க முதலாளி. நாங்க வேற வழி பார்த்துக்குறோம். அந்தச் சிப்பம் தூக்கிட்டு வந்த ஆளு எங்க போனார்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மாசிலாமணி குழிமேட்டைப் பார்த்தார். பேனரை மணலிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

லாரி மட்டும் போகவில்லை.

கால் மணி நேரம் கழித்து டிரைவர் போனைக் காதில் வைத்தபடி இறங்கி வந்தான். "சரிங்க முதலாளி, சரிங்க" என்று நாலு தடவை சொன்னான். பிறகு திருஞானத்திடம் வந்தான்.

"மூட்டையெல்லாம் இறக்கிடச் சொல்றார் சார். அப்புறம் அந்த பேனரை..." அவன் தலையைச் சொறிந்தான். "அதைக் கிழிச்சு, உப்புக்காத்து படாம பம்பு மேல சுத்தச் சொல்றார். படம் உள்பக்கமா இருக்கணுமாம்."

குப்பமே கூடி நின்று மூட்டைகளை இறக்கியது. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு பம்பும் ஏறிவிட்டது. மூட்டைகளை என்ன செய்வது என்று திருஞானம் கேட்டார். கொடுத்தவர்கள் வீட்டுக்கே மரியாதையாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள் காத்தாயி. அவர் மூட்டைகளை ஒருதடவை எண்ணிப் பார்த்தார்.

கடைசியாக அந்தக் கிழிந்த சட்டையோடு, கையில் மார்க்கர் பேனாவை வைத்துக்கொண்டு லாரிமேல் ஏறினார். கையைத் தூக்கினால் கக்கம் தெரிந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, கண்டெய்னர் மேல யாரு அனுப்புனதுன்னு எழுதட்டும்? பன்னிரண்டு குப்பத்துப் பேரையும் போட்டுடவா? முதலாளி பேரு? அங்க இருக்கிறவங்க நன்றி சொல்லவாவது ஒரு பேரு வேணாமா?"

காத்தாயி கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன வாத்தியாரே, சாவு வீட்டுக்குப் போனா சொல்லிக்கிட்டா வருவோம்?"