முத்திரைமேல் அரம்

குன்னூர்ச் சமையல்காரர் சவரியானுக்கு, இறந்துபோன துரை விட்டுப்போனது ஒரு பட்டாளத்துக் கைத்துப்பாக்கி. குழலை ஈயம் ஊற்றி அடைத்தது. மழைக்குமுன் கூரை மாற்றியாக வேண்டும். விற்கத் துணிந்தார்.

பழம்பொருள் சேர்க்கும் ராவ்பகதூர் தண்டபாணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னடா, பிடியில ஏதோ ரெஜிமென்ட் முத்திரை? இப்படிக் கீறி வச்சதாலதான் விலை போச்சு. பத்து ரூபாய். வாங்கிக்க."

சொன்னாரே தவிர, அவர் கட்டைவிரல் அந்த முத்திரையை விட்டு நகரவில்லை. சவரியான் அதைக் கவனித்தார்.

"அவ்வளவுதானா எசமான்? கொடுங்க இப்படி." கத்தி தீட்டும் அரத்தை எடுத்து முத்திரைமேல் வைத்தார். "ரெண்டே இழுப்பு, மொழுமொழுன்னு ஆயிடும்."

"ஐயோ, தேய்க்காதேடா!" முக்காலி உருள எழுந்தார் ராவ்பகதூர். "முந்நூறு தரேன்!"

"கீறலோடயா எசமான்?"

"ஐந்நூறு! அரத்தைக் கீழே வை!"

வைத்தார். அந்த வருஷ மழையில் சவரியான் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை.